பணியிடமும் பணியாளர் குரலும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)



இம்மேடையில் எதைப் பற்றிப் பேசுவது என்று எண்ணியபோது, கல்வியின் சிறப்பையே பேசலாம் என்று முதலில் கருதினோம். நேற்று பேசிய அறிஞர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். எனவே, படித்து முடித்து வேலைக்குச் சென்ற பின்னர் நடப்பதைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம். இக்கழகத்தின் மாலை வகுப்பில் அரிக்கேன் விளக்கடியில் படித்தவர்கள் உண்டு. அவர்களுள் எழுத்தர்கள் உண்டு, செவிலியர் உண்டு, பொறியாளர் உண்டு. சிலர் பத்துப் பேரை வேலை வாங்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். அந்த நாற்காலியில் அமர்ந்தவர், தமக்குக் கீழே பணிபுரிவோர் கூறுவதைக் கேட்கின்றாரா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் தந்தையார் ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். நாம் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவை ஒட்டி ஒரு புதிய சாக்கடை கட்டினார்கள். ஓவர்சியர் வந்தார், மேஸ்திரி வந்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். தந்தையார் சற்றுத் தள்ளி, துடைப்பத்துடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரவு வீட்டிற்கு வந்ததும் அன்னையாரிடம், "வாட்டம் தப்பு. தண்ணி திரும்பி நம்ம பக்கந்தான் வரும்" என்றார். ஐப்பசி மழையில் அவர் கூறியபடியே நீர் திரும்பியது. வீட்டிற்குள் முழங்கால் அளவு நின்றது. "ஏன் நைனா அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டோம். "கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அந்த மறுமொழியில் கோபம் இல்லை. அதுதான் நம்மை நெடுநாள் வருத்தியது. அந்தச் சாக்கடையை நாள்தோறும் தள்ளியவர் அவர். நீர் எங்கே தேங்கும், எந்த வளைவில் மண் சேரும் என்பதை அவரைவிட அறிந்தவர் அந்நகராட்சியில் எவரும் இல்லை. ஆனால் அவருடைய அறிவை அறிவு என்று கணக்கில் எழுதும் ஏடு அங்கே இல்லை.

இன்னொன்றும் அவர் சொல்வார். மூடிய குழியில் நாற்றம் அடித்தால் அஞ்ச வேண்டாம். அடித்த நாற்றம் திடீரென்று நின்றால்தான் உடனே மேலே ஏற வேண்டும் என்பார். பிற்காலத்தில் நாம் வேதியியல் படித்தபோதுதான் இதன் உண்மை விளங்கியது. ஐதரசன் சல்பைடு வாயு மிகுந்தால் மூக்கின் உணர்வே மழுங்கிவிடும். நாம் நூலில் படித்ததைத் தொழிலாளி தோழர்களின் சாவிலிருந்து கற்றிருக்கின்றார். மனிதரைப் பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்றது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்குப் 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இறந்த பின் கொடுப்பதற்குத் தொகை குறித்தாயிற்று. இறங்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குக் காசு செலவில்லை.

வரலாற்றிலும் இதைக் காணலாம். 1918ஆம் ஆண்டு சென்னையில் தொழிற்சங்கம் தோன்றியது நாடறிந்த செய்தி. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளை முதலாளியின் காதில் போடுவதற்காகவே அது எழுந்தது. ஆயினும் 1921இல் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலும் சேரவில்லை. புளியந்தோப்பில் கலகம் மூண்டது; குடிசைகள் எரிந்தன. அதன் காரணங்களைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். நாம் ஒன்று மட்டும் கூறுவோம்: ஆலைக்குள் இருந்த குரல்கள் அனைத்தும் ஒரே குரலாக இருக்கவில்லை. பம்பாயிலும் அப்படியே. அங்கே நெசவுப் பிரிவில் நம் மக்களுக்கு இடமில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டியிருந்தமையால், எச்சில் தீட்டு என்று காரணம் கூறினார்கள். நல்ல கூலி கிடைத்த பிரிவும் அதுவே என்பதைக் கவனிக்க. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, கோரிக்கைப் பட்டியலில் இதனையும் சேர்த்தாக வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். முதலாளி கேட்கவில்லை என்று குறை கூறிய சங்கமே, தன்னுள் இருந்த ஒரு பகுதியினரைக் கேட்கவில்லை.

பின்னர் 1942இல் அண்ணல் அவர்கள் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாடு அவ்வாண்டு தொடங்கியது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், 100 தொழிலாளர் பணிபுரியும் நிறுவனங்களில் பணிக்குழு அமைக்கச் செய்ய வழிவகுத்தது. அக்குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளியின் பிரதிநிதிகளைவிடக் குறையக்கூடாது என்றும் விதித்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பு இதனோடு, 20 பேர் பணிபுரியும் இடங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்றும் கூறியது. தனியார் ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்கள் இதனை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் சட்டம் மேசையைத்தான் போட்டுத் தரும். மேசையில் அமர்ந்தவரைப் பேச வைப்பது வேறு வேலை.

அது எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் தலைமையாசிரியரான பின்னர்தான் கண்டோம். நாம் முதலில் பொறுப்பேற்ற உயர்நிலைப் பள்ளியில் ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. அதன் சாவி தொலைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. உடைத்துப் பார்த்தோம். உள்ளே ஒரு பல்லி முட்டையும் இரண்டு மிட்டாய்த் தாள்களும் இருந்தன.

அப்பள்ளியில் பெண் பிள்ளைகள் பலர் மதிய உணவு வேளைக்குப் பின் வகுப்புக்கு வருவதில்லை. பதிவேட்டைப் புரட்டினோம், பெற்றோரை அழைத்தோம், ஆசிரியர் கூட்டத்தில் இருமுறை விவாதித்தோம். ஆளுக்கொரு காரணம் கூறினார்கள். அக்கூட்டங்களுக்குத் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றவர் ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மையார். அவருக்குக் காரணம் தெரியும். பெண்கள் கழிப்பறை தூய்மையாக இருக்க வேண்டும் என்று, ஆய்வாளர் வரும் நாள் தவிர மற்ற நாட்களில் அதனைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே பொறுத்துப் பார்த்து, நண்பகலில் வீட்டிற்கு ஓடினர்.

இதனை நாம் எப்படி அறிந்தோம்? அடுத்த கூட்டத்தில் அவ்வம்மையாருக்கும் சத்துணவு சமையலருக்கும் நாற்காலி போடச் செய்தோம். முதல் மூன்று கூட்டங்களில் இருவரும் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க ஐயா" என்றனர். அவர்களைக் குறை கூற முடியாது. "ஏதேனும் குறை உண்டா?" என்று அதிகாரி கேட்டால், "இல்லை" என்பதே பாதுகாப்பான விடை என்று பல தலைமுறைகள் கற்றுத் தந்திருக்கின்றன. நான்காவது முறை கேள்வியை மாற்றினோம். "உங்களுக்கு நேற்று எந்த வேலையில் நேரம் அதிகம் போயிற்று?" என்றோம். "சுவருக்குப் பின்னாடி கழுவறதுலதாங்க" என்றார். ஏன் சுவருக்குப் பின்னால் என்று கேட்டோம். அப்போதுதான் பூட்டு வெளியே வந்தது.

இதற்கு மேல் கூறுவது நமக்குப் பெருமை தருவது அன்று. ஆயினும் இளைஞர்கள் அறிய வேண்டும் என்று கூறுகின்றோம். ஆர்வ மிகுதியால், "இந்த அம்மா சொன்னதால்தான் தெரிந்தது, இன்றே பூட்டைத் திறவுங்கள்" என்று ஆசிரியர் அனைவர் முன்னும் கூறிவிட்டோம். பூட்டு திறந்தது. பிற்பகல் வகுப்பில் பிள்ளைகள் அமர்ந்தனர். ஆனால் சாவியை வைத்திருந்த ஆசிரியர், அன்று முதல் அவ்வம்மையாருக்கு வேலைமேல் வேலை ஏவினார். பெருக்கிய வராந்தாவையே மீண்டும் பெருக்கச் சொன்னார். அதனை நாம் அறியவே இரண்டு திங்கள் ஆயிற்று. ஓராண்டு வரை அவ்வம்மையார் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. சேரியில் பிறந்து, அவமதிப்பு இன்னது என்று அறிந்து, பட்டமும் பெற்ற நாமே இதனைச் செய்தோம்.

அதன்பின் நாம் கடைப்பிடித்தவை சிலவே. யார் கூறினார் என்பதைக் கூட்டத்தில் கூறுவதில்லை. செய்தியை மட்டும் வைப்போம். கூறியதை ஏற்க இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்பதை அவரிடமே நேரில் சொல்லிவிடுவோம். கூட்டக் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, என்ன செய்யப்பட்டது என்று எழுத ஒரு பத்தி விட்டோம். அந்தப் பத்தி வெறுமையாக இருந்தால் நமக்கே கூசும். சிலர் இதனைப் பயன்படுத்திப் பொய்க் குறைகளும் கூறினர். கேட்டு விசாரித்து ஒதுக்கினோம். பத்துப் பொய்க்கு அஞ்சி ஒரு மெய்யை இழக்க நாம் ஆயத்தமாக இல்லை. அவ்வம்மையார் மீண்டும் பேசியது, மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்திருப்பதைப் பற்றி. அன்று மாலையே மூடி போட்டோம். உள்ளே இறந்த காகம் ஒன்று கிடந்தது.

இளைஞர்களே, உங்களில் சிலர் நாளை அதிகாரி ஆவீர்கள். உங்களை எவரும் கேட்காத நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்நினைவு மட்டும் உங்களைக் கேட்கும் மனிதர் ஆக்கிவிடாது என்பதற்கு நாமே சான்று. மேலும், உயர்சாதியார் நடத்தும் அலுவலகத்தை மட்டும் நோக்கி இதனைப் பேசிவிட்டுப் போவது எளிது. நம் கழகமும் ஒரு பணியிடமே. மாலை வகுப்பு ஆசிரியர் இருவரும், விடுதியில் சமைக்கும் அம்மையாரும் நம் பணியாளர்களே. கடந்த ஆண்டறிக்கையைப் படித்தோம். கட்டட நிதி, நன்கொடையாளர் பெயர், தேர்ச்சி விழுக்காடு எல்லாம் உள்ளன. அம்மூவரும் கூறியதாக ஒரு வரியும் இல்லை. செயலாளர் அவர்கள் நம் மாணவர். ஆகவே உரிமையுடன் கூறுகின்றோம், வருந்த மாட்டார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்திற்கு அம்மூவரையும் அழைக்குமாறு வேண்டுகின்றோம். விடுதி அடுப்பின் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதிலிருந்து கேட்கத் தொடங்கலாம். கழக அலுவலகத்தில் நாற்காலிகள் குறைவு என்பதை அறிவோம். மூன்று நாற்காலிகளை நம் பள்ளியிலிருந்து அன்று காலையே அனுப்பி வைக்கின்றோம்.