பெரம்பலூர் ஜில்லாவின் ஜனக்கணக்கும் கிராம நிர்வாகமும்



கிராம நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கந்தான் வரும். ஆதலால் நீங்கள் குடியிருக்கும் இந்தப் பெரம்பலூர் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுகிறோம்.

இது 1995-ஆம் வருஷத்தில் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டது. பிறகு அரியலூர் இதிலிருந்து பிரிவதும் சேருவதுமாக இருந்து, 2007-இல்தான் அது கடைசியாகத் தனியே போயிற்று. மிஞ்சியது 4 ஊராட்சி ஒன்றியங்கள், 121 ஊராட்சிகள். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி 5,65,223 பேர். அவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு மேல் கிராமவாசிகள்.

இந்தக் கணக்கில் ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066. அதாவது பெண்கள் 909 பேர் அதிகம். இதைக் கண்டு, இந்த ஜில்லாவில் பெண்ணுக்கு நல்ல காலம் என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆண்கள் பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருப்பது அதற்கு ஒரு காரணம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். அங்கே பெண்தான் குறைவு. எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்கு 82 பேருக்கு மேல். பெண்களோ 66 பேர்கூட இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த ஜில்லாவில் நூற்றுக்கு 31 பேர் ஆதிதிராவிடர் முதலிய பட்டியல் வகுப்பார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இவர்களை எண்ணுவதற்குச் சர்க்கார் ஒருநாளும் தயங்கியதில்லை. ஆனால் எண்ணப்பட்டவர் கையில் ஊர்க் கணக்குப் புத்தகம் எப்போதாவது இருந்ததா என்பதே நாம் கேட்பது.

கர்ணம், மணியக்காரர் என்பவர்களை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள். அடங்கலும் சிட்டாவும் கர்ணத்தின் வீட்டுப் பரணில் இருக்கும். யார் நிலம் யாருடையது, எது புறம்போக்கு என்பதெல்லாம் அவர் எழுதினதுதான் சட்டம். அந்த உத்தியோகத்துக்கு என்ன பரீட்சை? அப்பன் கர்ணம் என்பதே பெரிய பரீட்சை! 1895-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இந்தப் பரம்பரைப் பாத்தியதையை எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தது. 1960-இல் ஆந்திர நாட்டு வழக்கொன்றில், வம்சத்தைப் பார்த்து உத்தியோகம் கொடுப்பது செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. சொல்லியும் என்ன? பழைய குடும்பங்கள் பெரும்பாலும் அசையவில்லை. 1980-இல் தமிழ்நாடு சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு அந்த உத்தியோகங்களையே ஒழித்தபோதுதான் விழுந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள், 1982-இல் அங்கேயும் ஒழித்தது சரியென்றே தீர்ப்பாயிற்று. இன்று பரீட்சை எழுதித் தேறியவர் கிராம நிர்வாக அலுவலராக வருகிறார். அவர் சேரியில் பிறந்தவராகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கர்ணத்தின் பேரன், பட்டா மாறுதலுக்கு அந்த அம்மாள் எதிரே மனுவோடு நிற்கிறார். இதனால் மழை ஒன்றும் நின்றுபோகவில்லை. லஞ்சம் ஒழிந்ததா என்று கேட்பீர்கள். ஒழியவில்லைதான்; ஆனால் லஞ்சம் வாங்குகிறவரை மாற்றலாம், தண்டிக்கலாம். வம்சத்தை என்ன செய்ய முடியும்?

நிற்க, ஊராட்சிக்கு வருவோம். 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தலைவர் ஸ்தானங்களில் பட்டியல் வகுப்பாருக்கு ஜனத்தொகைக்குத் தக்கபடி பங்கு உண்டு. பெண்களுக்கு முதலில் மூன்றிலொன்று. 2016 முதல் பாதி. ஜனக்கணக்கு இங்கேதான் நாற்காலியாக மாறுகிறது. ஆனால் நாற்காலி கிடைத்தவரை அதில் உட்கார விடுகிறோமா? 2020-இல் நமக்கு அடுத்த கடலூர் ஜில்லாவில் ஓர் ஊராட்சியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்ததே, பார்த்தீர்களா? மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். இங்கே சில ஊர்களில் தலைவி கையெழுத்துப் போடுவாள், புருஷன் தலைவராய் நடப்பான். கிராமசபைக்கு அவளை அனுப்பாமல் தான் வந்து உட்காருகிற புருஷனை, நீ யார் என்று கேட்க உங்களுக்கென்ன வெட்கம்?

சர்க்கார்களும் சும்மா இல்லை. 2016-இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் இந்த ஜில்லாவில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் தனி அதிகாரி ஆட்சி. 2025 ஜனவரியில் அந்தப் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் தனி அதிகாரியே வந்தார். 1881 முதல் பத்து வருஷத்துக்கொரு தரம் தவறாமல் எடுத்துவந்த ஜனக்கணக்கும் 2021-இல் எடுக்கப்படவில்லை. 2011-இல் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பல வகுப்பு ஏறிய பிறகும், அந்தப் பழைய கணக்கை வைத்தே பங்கு பிரித்தார்கள்.

கணக்கெடுக்கிறவர் எப்போது உங்கள் திண்ணைக்கு வந்தாலும் ஒன்று செய்யுங்கள். பெண்சாதிக்கு என்ன தொழில் என்று கேட்டால், "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். பருத்தி எடுத்தவள் யார், மக்காச்சோளத்துக்குக் களை வெட்டியவள் யார், வெங்காயம் அறுத்துக் கட்டியவள் யார்? அந்த அம்மாளையே கூப்பிட்டு வாசலில் நிறுத்துங்கள். பதிலை அவளே சொல்லட்டும்.