மீண்டும் துளிர்த்ததை எண்ணினோமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்பக்க ஓடைக்கரையில் ஞாயிறுதோறும் சீமைக் கருவேலம் வெட்டினோமே, நினைவிருக்கும். பெரியவர்களும் பிள்ளைகளும் முள் குத்தக் குத்த வேலை செய்தீர்கள். வெட்டிய கணக்கை வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டோம். மழை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் நாலைந்து கிளை வந்து நிற்கிறது. அடுத்த சுற்றுக்கு நிதி கேட்குமுன் இதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கே தவறினோம்? தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குள்ளிருந்து இம்மரம் துளிர்க்கும். தரையோடு வெட்டினால் அது கவாத்து செய்த மாதிரிதான். அந்த இடத்தோடு தோண்டி எடுக்க வேண்டும். அப்படியும் விதை மிஞ்சும். நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தில் பரவி, மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

இன்னொன்று. குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் நம் மண்ணின் சொந்த மரம். முள்ளைப் பார்த்து அதிலும் இரண்டை வெட்டிவிட்டோம். மரத்தை அடையாளம் காட்டாமல் அரிவாளைக் கொடுத்தது என் தவறு.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பின் பல மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றினார்கள். 2022-ல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையோ, அகற்றிய இடத்தில் இயற்கையை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது.

முன்மாதிரி நம் கடலிலேயே இருக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளை நட்டுவருகிறார்கள். நட்டதோடு விடாமல், மறுபடி மூழ்கி, எத்தனை பிழைத்தன, எவ்வளவு வளர்ந்தன என்று அளக்கிறார்கள். நாம் நடந்துபோய் அளக்க முடியாதா?

என் வேண்டுகோள் இவ்வளவுதான். உரிய அனுமதியோடு சிறு துண்டு நிலத்தை மட்டும் எடுப்போம். நாலு மூலையிலும் கல் நட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படமெடுப்போம். துளிர்த்த கட்டை எத்தனை, புதிதாக முளைத்தது எத்தனை, நாம் வைத்த பூவரசு, புங்கன் கன்றுகளில் பிழைத்தது எத்தனை என்று எண்ணுவோம். பக்கத்தில் கை வைக்காத ஒரு துண்டையும் ஒப்பிட வைத்துக்கொள்வோம்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் பார்த்தபின், விரிவாக்கலாமா என்று முடிவெடுப்போம். கணக்கு மோசமாக வந்தாலும் இந்த இதழிலேயே போடுவோம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீணாகக் கூடாது. எண்ணுவதற்கு இருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?