வெயிலுக்கு விலையில்லை, தகட்டுக்கு நிபந்தனை!

(பெருமுக்கல் பொதுக்கூட்டத்தில் பேசியது)

உப்பளத்து வேலை முடித்து நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

பள்ளிக்கூடத்துக் கூரையின்மேல் சூரியமின் தகடு போடுவதைப் பற்றி இன்று நாம் பேசப் போகிறோம் என்றவுடன், "சுயமரியாதைக்காரர்களுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சாமி இல்லை என்று பேசிவிட்டுப் போவதுதானே" என்று சில அன்பர்கள் கேட்டார்களாம். சம்பந்தம் இருக்கிறது. சூரியனை எப்படி நடத்துவது என்பதுதான் இன்றைய விஷயமே.

2021 டிசம்பர் கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழுவானது, 75 கோடி சூரிய நமஸ்காரம் செய்யும் ஒரு திட்டத்தில் சேரும்படி கல்லூரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதிற்று. சூரியனைக் கும்பிட்டால் ஒரு விளக்காவது எரியுமா? மரக்காணத்துத் தோழர்கள் சூரியனைக் கும்பிட்டுக் கொண்டிருக்கவில்லை. பாத்தி கட்டி உப்புநீரைப் பாய்ச்சி அவனை வேலை வாங்குகிறார்கள். நீரை அவன் குடிக்கிறான், உப்பை நாம் வாருகிறோம். 1954 இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் மூவர் சிலிக்கான் தகட்டிலே வெயிலை விழச் செய்து மின்சாரம் எடுத்துக் காட்டியதும், யோசித்துப் பார்த்தால், நம் உப்பளத்துப் புத்தியின் தொடர்ச்சிதான். அந்தத் தகடு வாங்கிய வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் மின்சாரமாக்கிற்று. இன்றைய தகடு இருபது பங்குக்கு மேல் ஆக்குகிறது. எந்த மந்திரத்திற்கும் இந்த வளர்ச்சி கிடையாது.

சரி, பள்ளிக்கூடத்திற்கு வருவோம். ஒரு கிலோவாட் தகட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி போதும். நம் பக்கத்து வெயிலில் அது நாள் ஒன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் கொடுக்கும். ஐந்து கிலோவாட் போட்டால் இருபது யூனிட். ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் விசிறி, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாவற்றிற்கும் அது தாராளம். அன்றியும் பள்ளிக்கூடம் நடப்பது பகலில். தகடு வேலை செய்வதும் பகலில்.

இதற்குச் சர்க்கார் பணம் உண்டா என்றால், ஒரு காலத்தில் உண்டு. 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒத்துக்கொண்ட கூரைத்தகட்டுத் திட்டத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலியவைகளுக்கும் செலவில் நூற்றுக்கு முப்பது கொடுத்தார்கள். 2019 இல் அதை நிறுத்தி, இனி வீடுகளுக்கு மட்டும் என்றார்கள். 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாயில் 'சூர்ய கர்' என்று ஒன்று வந்தது. மூன்று கிலோவாட் போடும் வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் மானியம். எந்த வீட்டுக்காரருக்கு? சொந்தத்தில் மச்சு உள்ளவருக்கு! கீற்றுக் கொட்டகையில் இருக்கும் உப்பளத் தொழிலாளி தகட்டை எங்கே மாட்டுவான், கழுத்திலா? சேரிப் பிள்ளைக்கும் பண்ணையார் பிள்ளைக்கும் பொதுவாக ஊரிலே உள்ள ஒரே கூரை பள்ளிக்கூடத்துக் கூரை. அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் மானியம் என்றால் அந்த மானியம் யாருக்கென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

"இல்லை, பள்ளிக்கூடத்திற்கும் வழி வைத்திருக்கிறோம்" என்பார்கள். அது 2022 இல் வந்த 'பி.எம். ஸ்ரீ' திட்டம். நாடெங்கும் 14,500 பள்ளிகளைப் 'பசுமைப் பள்ளி' ஆக்கி, சூரியத்தகடும் போட்டுத் தருவார்களாம். பெயரைக் கவனியுங்கள். 'ஸ்ரீ' வேண்டாம், 'திரு' போதும் என்று நம் பெரியவர்கள் எத்தனை ஆண்டு பாடுபட்டார்கள்! அந்த ஸ்ரீயை இப்போது பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையிலேயே எழுத வேண்டுமாம். அது மட்டுமா? 2020 ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதிலே மும்மொழி இருக்கிறது. 1968 முதல் இருமொழியில் நிற்கும் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. உடனே வேறு கணக்கில் வரவேண்டிய 2024-25 ஆம் ஆண்டுக் கல்விப் பணம், சுமார் 2,152 கோடி ரூபாய், நிறுத்தப்பட்டது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்துக்கே போக வேண்டியதாயிற்று.

"கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுப் பணத்தை வாங்கலாமே" என்று புத்திசாலிகள் சிலர் சொல்லுகிறார்கள். 1938 இலும் இந்தி படித்தால் என்ன குறைந்துவிடும் என்று இதே புத்திசாலித்தனம்தான் பேசப்பட்டது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939 இல் உயிரோடு திரும்பவில்லை. மாட்டுக்குப் புல் காட்டுகிறவன் கையில் கயிறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இங்கிலாந்து சர்க்கார் 2025 மார்ச்சில் சுமார் 200 பள்ளிக்கூடங்களுக்குத் தகடு போட 8 கோடி பவுன் ஒதுக்கிற்று. அதற்காக எந்தப் பள்ளியையும் இன்ன பாஷை படி என்று அது கேட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

ஆனால் டில்லியை ஏசிவிட்டு வீட்டுக்குப் போய்விட நாம் இங்கு வரவில்லை. சென்னைச் சர்க்காரையும் கேட்க வேண்டும். கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகள் சுமார் 37 ஆயிரம். கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் வீதம் ஐந்து கிலோவாட்டுக்கு இரண்டரை லட்சம். எல்லாப் பள்ளிக்கும் போட்டாலும் 925 கோடி. தடுத்து வைத்த பணத்தில் பாதிகூட இல்லை. ஒரே ஆண்டில் முடியாவிட்டால் ஐந்தாண்டில் செய்யட்டும். முதல் ஆண்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து தொடங்கட்டும். எப்போதும் கடைசியில் வரும் விளக்கு ஒரு தடவையாவது முதலில் அங்கே எரியட்டும். பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறதே, அதிலும் இதற்கு இடமுண்டு. ஒரு வேண்டுகோள்: தகட்டின்மேல் 'உபயம்' என்று பெயர் எழுதிவிட வேண்டாம். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதும் புத்தி நம்மவர்களுக்கு உண்டு.

இன்னும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு மறந்திராது. புயல் வந்தால் ஜனங்கள் ஓடி ஒண்டுவது பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் பாட்டரி இல்லாத தகடு, ஊர்க் கரண்டு நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆள்மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகையால் நம் கரையோரப் பள்ளிகளுக்குச் சிறிதாவது பாட்டரியும், உப்புக்காற்றில் துருப்பிடிக்காத சட்டமும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறைந்த விலை டெண்டர்க்காரர் இரண்டையும் விட்டுவிடுவார்.

2031 மே 21 இல் தென்தமிழ்நாட்டின்மேல் வளையச் சூரிய கிரகணம் வருகிறது. இங்கும் பெரும்பகுதி மறையும். அன்று ராகு விழுங்குகிறான் என்று பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதா, அல்லது பள்ளிக்கூடத்து மீட்டரில் சந்திரன் நிழலுக்குத் தக்கபடி மின்சாரம் இறங்கி ஏறுவதைக் காட்டுவதா? நூறு சொற்பொழிவு செய்யும் பிரசாரத்தை அந்த ஒரு மீட்டர் செய்துவிடும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே, 'நிபந்தனை இல்லாத பணத்தில், பாட்டரியோடு, எங்கள் பள்ளிக்குத் தகடு வேண்டும்' என்று தீர்மானம் எழுதிக் கொடுங்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். மீட்டர்ப் பெட்டியை உபாத்தியாயர் அறைக்குள் பூட்டாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்கும் உயரத்தில் வெளித் தாழ்வாரத்தில் மாட்ட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.