நிடா: காற்றில் திரும்பும் ஊர்



ஒரு பக்கம் பால்டிக் கடல், மறுபக்கம் கூரோனியக் காயல். நடுவே 98 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு. ஒடுங்கிய இடத்தில் அரை கிலோமீட்டர்கூட அகலம் தேறாது. வடபகுதி லிதுவேனியாவுக்கு, தென்பகுதி ரஷ்யாவுக்கு. அந்த எல்லைக்குச் சற்று முன்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக் காயலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் நிடா.

கிளைபேடாவில் ஃபெரி ஏறி அக்கரை இறங்கினால், ஊர்வரை பஸ் பைன் காட்டுக்குள்தான் ஓடுகிறது. அந்தக் காடு பெரும்பாலும் மனிதர் நட்டது. பழைய காட்டை வெட்டித் தீர்த்ததும் மணலுக்குப் பிடிமானம் போய்விட்டது. காற்று தள்ளத் தள்ளக் குன்று குன்றாக நகர்ந்து ஊர்களை மூடியது. நிடாவே அப்படி இடம் மாறி வந்த ஊர்தான். 19-ஆம் நூற்றாண்டில் குச்சிவேலி கட்டி, புல் வைத்து, பைன் நட்டு மணலை அடக்கினார்கள். ஊரை ஒட்டிய பர்னிடிஸ் குன்று மட்டும் 50 மீட்டர் உயரத்தில் இன்னும் மொட்டையாக நிற்கிறது. பாதையை விட்டு இறங்க விடமாட்டார்கள். மிதிக்க மிதிக்க மணல் சரிகிறதல்லவா!

ஊருக்குள் காவிச் சிவப்பும் நீலமுமாக மர வீடுகள். கடைக்குக் கடை புகையில் வாட்டிய மீன். விலாங்கு வாங்குங்கள், விரலில் வழிகிற கொழுப்பைப் பொருட்படுத்தாதீர்கள். எழுத்தாளர் தாமஸ் மன் 1930 முதல் மூன்று கோடைகள் தங்கிய கூரை வேய்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கூட்டம் அங்கேதான் போகிறது.

என்னைக் கேட்டால், படகின் பாய்மர உச்சியைப் பாருங்கள் என்பேன். 1844-இல் ஓர் ஆணை வந்தது: காயலில் மீன் பிடிக்கும் ஒவ்வொரு படகும் தன் ஊருக்குரிய வண்ணத்தில் காற்றுக்காட்டி வைக்க வேண்டும். எந்த ஊர்க்காரன் எங்கே வலை போடுகிறான் என்று அதிகாரி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கத்தான். திட்டின் ஊர்களுக்குக் கறுப்பும் வெள்ளையும். சட்டம் கேட்டது அந்தச் சின்னப் பலகை மட்டுமே. மீனவர்கள் அதைச் சுற்றி மரத்தில் வீடு, தேவாலயம், குதிரை, மனிதர் என்று செதுக்கிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். உளவு சொல்ல வந்த பலகை, வீட்டுக்காரர் தம் கதையைச் சொல்லும் சிற்பமாகிவிட்டது.

செதுக்கிய கைகள் இப்போது ஊரில் இல்லை. லாட்விய மொழிக்கு உறவான ஒரு மொழியைப் பேசிய அந்தக் குடும்பங்கள், இரண்டாம் உலகப் போரின் முடிவில் பெரும்பாலும் வெளியேறிவிட்டன. பழைய கல்லறைத் தோட்டத்தில் அவர்களுடைய முன்னோர் இருக்கிறார்கள். பறவையும் பூவும் வெட்டிய மரப்பலகைகள் அங்கே தலைமாட்டில் இல்லை, கால்மாட்டில் நிற்கின்றன. இறந்தோர் உயிர்த்தெழும் நாளில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கத் தோதாக அப்படி வைத்தார்களாம்.

துறைமுகத்தில் பழைய மாதிரியில் கட்டிய தட்டையடிப் படகு ஒன்று பயணிகளை ஏற்றிக்கொண்டிருக்கும். அதன் உச்சியிலும் கறுப்பு வெள்ளைப் பலகை காற்றுக்குத் திரும்பியபடி இருக்கிறது.