மலைக்குரல்களைக் கணிப்பொறிக்கு மாற்றுதல்



நம் கோடைக்கானலில் வானாய்வகம் தோன்றியது 1899-இல். 1904 முதல் அங்கே கதிரவனைப் படம் பிடித்து வந்தனர். அப்படத் தகடுகள் அண்மையில் கணிப்பொறிக்கு மாற்றப்பட்டுள்ளன. நூறாண்டுக் கண்ணாடித் தகட்டை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் இன்றும் எவர் கண்ணுக்கும் கதிரவன் தெரியும். நான் பேச வந்த பொருளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

டாட் எனப்படும் எண்முறை ஒலிநாடாவைச் சோனி நிறுவனம் 1987-இல் அறிமுகப்படுத்தியது. 1990-களில் களப்பணியாளர் பலர் விரும்பி எடுத்துச் சென்ற கருவி அது. பளியர் பாடலோ, மலையூர் முதியவர் சொன்ன கதையோ அதில் பதிவாகி உங்களில் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், கேசட்டுகளை விட்டுவிட்டு முதலில் அதை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இது பலருக்கு வியப்பளிக்கலாம். எண்முறை என்றாலே அழியாதது என்று எண்ணிவிட்டோம். கேசட் தேய்ந்தால் இரைச்சல் மிகும். ஆயினும் குரல் கேட்கும். டாட் நாடாவிலோ, சுழலும் உருளை மயிரிழையினும் மெல்லிய தடங்களைச் சாய்வாக எழுதுகிறது. பிழைகள் ஓரளவு வரை கருவியே திருத்திக்கொள்ளும். அந்த எல்லை கடந்தால் குரல் மங்குவதில்லை, அறுந்துவிடுகிறது. கருவியும் அரிதாகிவிட்டது, சோனி தன் டாட் கருவிகளின் உற்பத்தியை 2005-இல் நிறுத்திவிட்டது. கருவியின்றி அந்நாடா வெறும் கறுப்பு நாடாவே.

மாற்றும் முறை கடினமன்று. கருவியின் எண்முறை வெளியீட்டைக் கணிப்பொறியின் எண்முறை உள்ளீட்டோடு இணைக்க வேண்டும். காதொலிபேசித் துளையிலிருந்து எடுப்பது வேண்டா. 48 கிலோஹெர்ட்சில் பதிந்ததை 48-ஆகவே வைத்துக்கொள்க. இரண்டு மணி நேர நாடாவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கோப்பு ஏறத்தாழ 1.4 கிகாபைட். இடம் மிச்சம் என்று எம்பி3-ஆகச் சுருக்குவோர் உளர். மூலப்படிக்கு அது தகாது. ஒரு கருவியில் தடுமாறும் நாடா, பதிவு செய்த அதே கருவியில் சீராக ஓடுவதும் உண்டு. ஆகவே பழைய கருவியைப் பழுதென்று எறிந்துவிடாதீர்கள்.

நம் மலைக்கென்று ஓர் எச்சரிக்கை. இங்குள்ள குளிரிலிருந்து கருவியைப் பேருந்தில் மதுரைக்கு இறக்கி, அங்குள்ள வெக்கையில் உடனே இயக்கினால், உருளையில் நீர் பூத்து நாடா ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது மூடியபடி வைத்திருங்கள்.

பதிவு நாளும் நேரமும் பல டாட் நாடாக்களில் மறைவாக எழுதப்பட்டிருக்கும். அவை கருவியின் திரையில் தோன்றும். ஆனால் கம்பிவழியே ஒலியுடன் கணிப்பொறிக்கு வந்து சேர்வதில்லை. நாடா ஓடும்போதே அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பாடியவர் பெயரும் ஊரும் நாடாவில் எங்குமே இரா. பெட்டியின் அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தால் உண்டு. இல்லையேல், பதிவு செய்தவர் நம்மிடையே இருக்கும்போதே அவரருகில் அமர்ந்து கேட்டு எழுதுவதுதான் வழி.