இராணுவச் சட்டமும் முதலெழுத்துகளும்



பிலிப்பைன்ஸில் 1968இல் புத்துருப் பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சி, அடுத்த ஆண்டே புதிய மக்கள் படையைத் தோற்றுவித்தது. அக்கிளர்ச்சியைக் காரணம் காட்டிக் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ், 1972 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட 1081ஆம் பிரகடனத்தால் இராணுவச் சட்டத்தைக் கொணர்ந்தார். நாடாளுமன்றம் பூட்டப்பட்டது, நாளேடுகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சியினரும் இதழாளரும் சிறையேகினர்.

கிளர்ச்சி அடங்கிற்றா? இல்லை. பேச இடமற்ற இளைஞர் பலர் மலைக்காடுகளை நாடினர். 1981இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1986இல் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடியபோது, சிறியதாயிருந்த அப்படை பல்லாயிரவராய்ப் பெருகியிருந்தது.

அடக்குமுறையின் நடுவே, 1973இல், அரசுச் சார்புடைய ‘ஃபோகஸ்’ இதழில் புரோமிதியஸைப் பாடும் ஆங்கிலக் கவிதையொன்று வெளிவந்தது. பாடியவர் ஹோசே லகாபா; இட்டதோ புனைபெயர். அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழே கூட்டினால், மார்க்கோசை ஹிட்லர், சர்வாதிகாரி, அடிவருடி என இகழும் தெருமுழக்கம்! தமிழின் சித்திரகவி மரபறிந்தோர் இவ்வித்தையை வியக்கமாட்டார். அதனை ஏற்ற துணிவை வியப்பர்.

1974இல் லகாபா கைதாகி வதைபட்டார். 1976இல் தேசியக் கலைஞர் விருதை ஏற்க, அவர் விடுதலையையே நிபந்தனையாக்கினார் எழுத்தாளர் நிக் வாகீன். அதே ஆண்டு, படையில் சேர்ந்திருந்த அவர் தம்பி, கவிஞர் எம்மான் லகாபா, மிண்டனாவோவில் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கவிதை துப்பாக்கியைத் தடுக்கவில்லை. ஆயினும் நாளேடுகள் வாயடைத்துக் கிடந்த நாளில், சொல்ல வேண்டியதை அதுவே சொல்லிற்று. கவிஞர் மறத்தற்கரிய செய்தி இது.