நான்காவது ஆள்



ஒரு குற்றத் தொடரின் ஆறாவது சீசனின் கடைசி எபிசோடைப் பற்றியும், அதைப் பார்த்தவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன். தொடரின் பெயர் 'லைன் ஆஃப் டியூட்டி'. பி.பி.சி.யில் ஒளிபரப்பான பிரிட்டிஷ் தொடர். 2012 ஜூனில் தொடங்கி, 2021வரை விட்டுவிட்டு ஆறு சீசன்கள் வந்தது. ஆறாவது சீசனின் கடைசிப் பகுதி 2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்கு ஒளிபரப்பானது. அன்றிரவுக் கணக்குப்படி அதைப் பார்த்தவர்கள் 1 கோடியே 28 லட்சம் பேர். தினசரி சோப் தொடர்களைத் தவிர்த்துவிட்டால், இன்றைய முறையில் கணக்கெடுக்கத் தொடங்கிய 2002க்குப் பிறகு பிரிட்டனில் எந்த நாடகப் பகுதிக்கும் அவ்வளவு பேர் சேர்ந்ததில்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் முழுமையாக விலகாத நேரம். நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒரே காட்சிக்காகக் காத்திருந்தார்கள். காட்சி முடிந்ததும் அவர்களில் பலர் ஏமாந்துவிட்டதாகக் கொதித்தார்கள். சமூக ஊடகங்களில் அந்தக் கோபம் அன்றிரவே கொட்டியது. மறுநாள் பத்திரிகைகளிலும் அதே பேச்சு.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றிப் பேச முடியாது. இனிமேல்தான் பார்க்கவேண்டும் என்றிருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடரை எழுதியவர் ஜெட் மெர்க்யூரியோ. மருத்துவம் படித்து, மருத்துவமனையில் வேலை பார்த்து, பிறகு எழுத்துக்கு வந்தவர். ஒரு பெரிய நிறுவனம் தன் தவறை எப்படிப் பூசி மெழுகும் என்பதை உள்ளேயிருந்து பார்த்த அனுபவம் அவருடைய எழுத்தில் தெரியும். 2005 ஜூலையில் லண்டன் சுரங்க ரயிலில் ஜான் சார்ல்ஸ் டி மெனிஸிஸ் என்ற பிரேசில் நாட்டு இளைஞரை, தற்கொலைப் படையைச் சேர்ந்தவர் என்று தவறாக நினைத்துப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சம்பவமே இந்தத் தொடருக்கு விதை. முதல் சீசனின் முதல் காட்சியில் ஆயுதம் தாங்கிய போலீசார் தவறான வீட்டுக்குள் புகுந்து ஒரு நிரபராதியைச் சுட்டுவிடுகிறார்கள். எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்லவேண்டும் என்று மேலிடம் சொல்கிறது. ஸ்டீவ் ஆர்னட் என்ற இளம் அதிகாரி மட்டும் மறுக்கிறார். அதனால் சக போலீசாரையே விசாரிக்கிற ஏசி-12 என்ற ஊழல் தடுப்புப் பிரிவுக்கு வந்துசேர்கிறார். அங்கே கேட் ஃபிளெமிங், இவர்கள் இருவருக்கும் மேலதிகாரியாக டெட் ஹேஸ்டிங்ஸ். மார்ட்டின் காம்ப்ஸ்டன், விக்கி மெக்லூர், ஏட்ரியன் டன்பார் மூவரும் ஆறு சீசன்களிலும் இந்தத் தொடரைத் தாங்கினார்கள்.

ஏசி-12 எடுத்துக்கொள்ளும் முதல் வழக்கு டோனி கேட்ஸ் என்ற அதிகாரியைப் பற்றியது. நல்ல பெயர் வாங்கியவர், விருது பெற்றவர். அவர்மேல் முதலில் எழும் புகார் என்ன தெரியுமா? ஓர் உணவகத்தில் காலைச் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. அவ்வளவுதான். பிறகு காதலி ஒருத்தியின் காரில் ஏதோ நாய் அடிபட்டுவிட்டது என்று நம்பி ஒரு சின்ன மறைப்புக்கு உடன்படுகிறார். அடிபட்டது நாய் இல்லை, மனிதன். அந்த மறைப்பை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று. ஐந்து வாரத்தில் மீள வழியில்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். ஊழல் எப்படி ஒரு மனிதனுக்குள் நுழைகிறது என்பதை இவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு படியாகக் காட்டிய போலீஸ் கதைகள் மிகக் குறைவு. என் மனதில் இந்தத் தொடரின் உயரம் இன்றும் அந்த முதல் சீசன்தான்.

இந்தத் தொடரின் விசாரணைக் காட்சிகளைப் பற்றி வானொலியில் சொல்வது பொருத்தம். ஏனென்றால் அவற்றின் பலம் ஒலியில் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் அறை, மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர். ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தியதும் 'பீ...' என்று ஒரே சீரான சத்தம் சில விநாடிகள் நீளும். யாரும் பேசமாட்டார்கள். சத்தம் நின்றதும் முதல் கேள்வி. பின்னணி இசை இல்லை, துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. காகிதம் புரளும் ஓசையும் துறைச் சுருக்கெழுத்துகளும் மட்டும். இருபது நிமிடத்துக்கு மேல்கூட ஒரே அறையில் நடக்கும் காட்சிகள் உண்டு. அந்த 'பீ' சத்தம் கேட்டாலே பிரிட்டனில் வரவேற்பறைகள் அமைதியாகிவிடும் என்னும் அளவுக்குப் பழகிப்போனது.

இனி 'ஹெச்' விவகாரம். மூன்றாவது சீசனின் முடிவில், 2016ல், ஏசி-12க்குள்ளேயே குற்றக் கும்பலின் உள்ளாளாக இருந்த காட்டன் சுடப்பட்டுச் சாகிறான். கும்பலுக்குத் துணையாக இருக்கும் உயரதிகாரி யார் என்று அவன் சாகும்போது விட்டுப்போன ஜாடை, 'ஹெச்' என்ற ஓர் எழுத்து. அடுத்த சீசன்களில் ரசிகர்களுக்கு இதே வேலை. ஹெச் என்றால் உயரதிகாரி ஹில்டனா? ஹேஸ்டிங்ஸ்தானா? 2019ல் ஐந்தாவது சீசன் முடியும்போது மெர்க்யூரியோ கதையை இன்னொரு பக்கம் திருப்பினார். சாகிறபோது காட்டனின் இடது கை விரல் தட்டியது மோர்ஸ் தந்திக் குறியீடு, நான்கு புள்ளிகள். ஹெச் என்பது ஓர் ஆளில்லை, நான்கு பேர். மூன்று பேர் தெரிந்துவிட்டார்கள். நான்காவது ஆள் யார்?

இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் காக்கவைத்தார்கள். 2020 மார்ச்சில் படப்பிடிப்பு பெருந்தொற்றால் நின்று, செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் மறுபடி தொடங்கியது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய எபிசோடுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பெரிதாக்கிப் படித்தார்கள். அந்த மர்ம ஆள் கும்பலுக்கு அனுப்பும் செய்திகளில் 'டெஃபினிட்லி' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஐ' வரவேண்டிய ஓரிடத்தில் 'ஏ' போட்டிருப்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது சீசனின் பிற்பகுதியில் மார்கஸ் தர்வெல் என்ற பழைய அதிகாரியின் புகைப்படம் காட்டப்பட்டபோது, அதில் இருந்தது ஜேம்ஸ் நெஸ்பிட் என்ற பிரபல நடிகர். இவ்வளவு பெரிய நடிகரைப் படத்தில் மட்டும் காட்டுவார்களா, இவர்தான் என்று முடிவுகட்டினார்கள். அடுத்த வாரமே தர்வெல் ஸ்பெயினில் பிணமாகக் கிடந்தார். நெஸ்பிட் புகைப்படத்தை விட்டு வெளியே வரவே இல்லை.

கடைசி எபிசோடில் அந்த எழுத்துப் பிழைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. சிறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். முகம் தெரியாமல் நடைகூடத்தில் நடந்து வருகிறார். உட்கார்ந்ததும் கேமரா திரும்புகிறது. இயன் பக்கெல்ஸ்.

முதல் சீசனிலேயே ஒரு சாதாரண இன்ஸ்பெக்டராக வந்துபோனவர். நைஜல் பாயில் நடித்த பாத்திரம். வேலையில் மந்தம், மேலதிகாரிகளிடம் குழைவு, சகாக்களின் பார்வையில் மண்டு. இந்த சீசனிலும் முந்தைய வாரங்களிலேயே கைதாகிவிட்டதால் பார்வையாளர்கள் பட்டியலிலிருந்து அவரை அடித்துவிட்டார்கள். அவர் பெரிய மூளையும் இல்லை. கும்பலின் கட்டளைகளை ஒரு கையில் வாங்கி இன்னொரு கையில் கொடுத்தார். கிடைத்தது பணமும் பதவி உயர்வும். தகுதியில்லாமல் மேலே மேலே போனதற்குக் காரணம் அதுதான். கதையின் அடியில் சக்கரவர்த்தி யாரும் இல்லை. ஒரு பேராசைக்காரர் இருந்தார், அவரைக் கண்டுகொள்ளாத ஒரு துறை இருந்தது.

இதற்காகவா ஒன்பது வருடம் என்று கேட்டார்கள். மெர்க்யூரியோ பதில் சொன்னார்: ஊழலின் உண்மையான இயல்பைத் தொட முயன்றோம், எல்லாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் செய்தோம் என்கிற பொருளில். ரசிகர்களுக்கு ஆழம் புரியவில்லை என்று விமர்சகர்கள் சிலர் பேசினார்கள். அதை நான் ஏற்கமாட்டேன்.

குற்றக் கதையின் முடிவுக்காக மக்கள் சண்டை போடுவது புதிதில்லை. 1893ல் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிவிட்டபோது, கதை வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் சந்தாவை ஆயிரக்கணக்கானவர்கள் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். 2007 ஜூனில் அமெரிக்காவின் 'சொப்ரானோஸ்' முடிந்த இரவில், நியூ ஜெர்சி உணவகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த டோனி சொப்ரானோ தலை நிமிர்கிறார், திரை சட்டென்று இருண்டுவிடுகிறது. கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். அங்கே கோபம், விடை சொல்லவில்லை என்று. ஆனால் சொப்ரானோஸ் எந்த நாளிலும் பார்வையாளருக்கு விடுகதை போடவில்லை. லைன் ஆஃப் டியூட்டி போட்டது. எழுத்தைக் கொடுத்தது, புள்ளிகளைக் கொடுத்தது, எழுத்துப் பிழையைக் கொடுத்தது. நான்கில் மூன்று போக மிச்சம் ஒன்று என்று கணக்கும் சொல்லிக்கொடுத்தது. பார்வையாளர்கள் கேட்டது அந்தக் கணக்குக்குப் பொருத்தமான விடையை. கவனமாகப் பார்த்தவர்களுக்குத்தான் அதிக ஏமாற்றம். அசட்டையாகப் பார்த்தவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆகவே அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

தவறு பக்கெல்ஸைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை. 'எப்படி' என்று தொடங்கிய கதையை, நடுவழியில் 'யார்' என்று மாற்றியதில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டிலிருந்து பாதாளம்வரை கேட்ஸ் இறங்கிய ஒவ்வொரு படியையும் நமக்குக் காட்டினார்கள். பக்கெல்ஸ் முதலில் எதற்காகக் கை நீட்டினார், எந்த நாளில், யாரிடம், வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று ஒன்றும் காட்டவில்லை. அவரைப் பார்த்தால் மண்டு, உள்ளே கள்ளன் என்று ஒரு விசாரணை அறையில் சொல்லி முடித்துவிட்டார்கள். கேட்ஸுக்குக் கொடுத்த அவகாசத்தில் பாதியைப் பக்கெல்ஸுக்குக் கொடுத்திருந்தால் அந்த முகம் திரும்பிய கணம் நம்மை உலுக்கியிருக்கும்.

இருந்தாலும் அந்த விடை எவ்வளவு உண்மையானது என்பதை ஆறே வாரத்தில் நடப்பு காட்டியது. டேனியல் மார்கன் என்ற தனியார் துப்பறிவாளர் 1987 மார்ச்சில் தென்கிழக்கு லண்டன் மதுக்கடை ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் கோடரியால் கொல்லப்பட்டார். பல முறை விசாரித்தும் இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அதை ஆராய 2013ல் அமைக்கப்பட்ட சுயேச்சைக் குழு, நுவாலா ஓ'லோன் தலைமையில், 2021 ஜூன் 15ல் அறிக்கை வெளியிட்டது. லண்டன் பெருநகரப் போலீஸ் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தவறுகளை மறைத்ததும் மறுத்ததும் ஒருவகை நிறுவன ஊழல் என்றது அந்தக் குழு. கும்பல் தலைவன் ஒருவனை அது தேடிப் பிடித்துக் காட்டவில்லை. மூடி மறைக்கும் பழக்கத்தைத்தான் பிடித்தது. ஆறாவது சீசனில் லாரன்ஸ் கிறிஸ்டோபர் என்ற கறுப்பின இளைஞனின் வழக்கைத் தர்வெலும் பக்கெல்ஸும் பாழாக்கியதாகக் கதை வரும். 1993ல் லண்டனில் இனவெறியர்கள் குத்திக் கொன்ற பதினெட்டு வயது ஸ்டீஃபன் லாரன்ஸை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. அந்தக் கொலைக்கு இருவர் தண்டனை பெற 2012 ஆகிவிட்டது. பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு இது பழைய காயம்.

எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. பக்கெல்ஸ் பற்றிய கூச்சலில் அந்த எபிசோடின் மிகச் சிறந்த காட்சி பலரின் பேச்சுக்கே வரவில்லை. ஏசி-12ஐ வேறு பிரிவுகளோடு இணைத்து ஆட்களைக் குறைக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸைக் கட்டாயமாக ஓய்வுக்கு அனுப்புகிறார்கள். உயரதிகாரிகள் விஷயத்தை மூடிவிடப் பார்க்கிறார்கள். அவருக்கும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் தன்னை ஆரம்பம் முதல் சந்தேகித்துவந்த பட்ரீஷியா கார்மைக்கேலிடம் தானே போகிறார். அன்னா மேக்ஸ்வெல் மார்ட்டின் நடித்த அதிகாரி. குற்றக் கும்பலுக்குள் மாறுவேடத்தில் இருந்த ஜான் கார்பெட் என்ற போலீஸ்காரர் கொல்லப்பட்டதற்குத் தானும் காரணம் என்று ஒப்புக்கொள்கிறார். தன் மனைவியைச் சித்திரவதை செய்தவன் அந்த கார்பெட்தான் என்று நம்பிய ஆத்திரத்தில், உங்கள் கூட்டத்தில் ஓர் உளவாளி இருக்கிறான் என்று சிறையிலிருந்த கும்பல் ஆளிடம் அவர் வாய்விட்டிருந்தார்.

ஏசி-12 அறையில் எத்தனையோ பேரிடமிருந்து உண்மையைப் பிடுங்கியவர் ஹேஸ்டிங்ஸ். யாரும் கேட்காத உண்மையை, ஒலிப்பதிவுக் கருவியின் அழுத்தம் இல்லாமல் தானாகச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். டன்பார் இதைக் குரல் உயர்த்தாமல் நடித்திருக்கிறார். நேர்மையையே மூச்சாகப் பேசிவந்த ஒரு மனிதர் தன் பங்கைச் சொல்லும்போது தோள் சரிவதைப் பார்க்கலாம். முதல் சீசனில் காலைச் சாப்பாட்டோடு தொடங்கிய கேள்விக்கு விடை இந்தக் காட்சியில்தான் இருக்கிறது: நல்லவர் என்று நாம் நம்பிய ஆளும் ஒரு கோபத்தில், ஒரு வாக்கியத்தில், ஓர் உயிரைக் காவு கொடுத்துவிடலாம். மெர்க்யூரியோ இந்த எபிசோடைப் பக்கெல்ஸ் முகத்தின்மேல் கட்டாமல் ஹேஸ்டிங்ஸின் இந்த வாக்குமூலத்தின்மேல் கட்டியிருந்தால், நான்காவது ஆள் யாராக இருந்தாலும் அந்த 1 கோடியே 28 லட்சம் பேரில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.